உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் பேசியது)



இன்றைக்கு உரம், விதை, பூச்சிமருந்து என்று எதையும் சிபாரிசு செய்ய நான் வரவில்லை. ஒரு சரித்திரம் சொல்ல வந்திருக்கிறேன். ராஜாக்கள் சண்டை போட்ட சரித்திரம் அல்ல, ஒரு கேள்வியின் சரித்திரம். வாய் வழியாகப் போகிற தண்ணீரும் சத்தும், வேர் வழியாகப் போகிற தண்ணீரும் சத்தும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளுக்குள் நுழைந்தாக வேண்டும். அந்த அறையைத்தான் உயிரணு என்கிறோம். செல் என்றும் சொல்வதுண்டு. பயிர், மாடு, மனுஷன் எல்லாமே அந்த அறைகளால் கட்டிய வீடுதான். அந்த அறைக்குள் எது போகிறது, எது வருகிறது, எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்க 250 வருஷத்துக்கு மேல் பிடித்தது.

கேள்வி நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. மாவடு போடுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். பிஞ்சு வடுவாகப் பொறுக்கி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பைப் போட்டு ஜாடியில் குலுக்கி வைக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, வடு சுருங்கிக் கிடக்கிறது. வடுவுக்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. உலர்ந்த திராட்சையை ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் பார்த்தால் உப்பிக்கொண்டு நிற்கும். அங்கே தண்ணீர் உள்ளே போய்விட்டது. யார் இழுத்தார்கள், யார் தள்ளினார்கள்?

வயலுக்கு வாருங்கள். நாற்றங்காலில் யூரியா கை தவறி ஒரே இடத்தில் குவியலாக விழுந்துவிட்டால் அந்த இடம் கருகிப் போகிறது. 'உரம் சூடுங்க, சுட்டுடுச்சு' என்று சொல்கிறோம். யூரியாவைத் தண்ணீரில் கரைத்துக் கையை விட்டுப் பாருங்கள். சுடாது, ஜில்லென்று இருக்கும். அப்படியானால் சுட்டது எது?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது 2005 ஜனவரியில். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2004 டிசம்பர் 26-ல் கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போயிருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரக் கிராமம் ஒன்றில் வரப்பு மேல் நின்றோம். வயலில் கால் வைத்தால் சேறு, ஈரத்துக்குக் குறைவே இல்லை. பயிர் மட்டும் கத்திரி வெயிலில் காய்ந்தது போலக் காய்ந்து நின்றது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "தண்ணியிலதானே தம்பி நிக்குது, தாகம் எடுத்த மாதிரி ஏன் காயுது?"

"உப்புங்க ஐயா" என்றேன். அது பதில் இல்லை. உப்பு என்று அவருக்கும் தெரியும். உப்பு என்ன செய்கிறது என்பதுதான் அவர் கேட்டது.

இதற்குப் பதிலின் முதல் நுனி அகப்பட்டது 1748-ல், பாரிஸ் நகரத்தில், நோலே என்ற பாதிரியார் கையில். இவர் கொஞ்சம் வேடிக்கைப் பிரியர். பதினைந்தாம் லூயி மன்னர் முன்னால் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து, மின்சாரத்தைப் பாய்ச்சி, அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் துள்ள வைத்தவர். அவர் வேறு ஏதோ ஒரு சோதனைக்காக, சின்னக் குப்பி ஒன்றில் சாராயச் சத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் மூத்திரப்பைத் தோலால் இறுக்கிக் கட்டி, தண்ணீருக்குள் முழுக வைத்தார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் மேலே உப்பிக்கொண்டு நிற்கிறது. ஊசியால் குத்தினார். உள்ளே இருந்தது பீறிட்டு அடித்தது. மாற்றிச் செய்து பார்த்தார். குப்பிக்குள் தண்ணீர், வெளியே சாராயம். இப்போது தோல் உள்வாங்கியது. ஆக, அந்தத் தோல் தண்ணீருக்குத் தாராளமாக வழிவிட்டது, சாராயத்துக்கு அவ்வளவாக விடவில்லை. பாதிரியார் இதை எழுதி வைத்தார். அதோடு 80 வருஷம் பெரிதாக யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்து வந்தவர் துத்ரோஷே. இவரும் பிரெஞ்சுக்காரர்தான், ராணுவ டாக்டர். ஸ்பெயின் யுத்தத்தில் விஷக்காய்ச்சல் கண்டு, வேலையை விட்டுவிட்டுக் கிராமத்தில் வந்து உட்கார்ந்தவர். 1826-ல் கோழிக்குடல் துண்டு ஒன்றில் பாலை நிரப்பிக் கட்டித் தண்ணீரில் போட்டார். நிறுத்துப் பார்த்தார். மறுநாள் எடை கூடியிருந்தது. செடியில் சாறு ஏறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். உள்ளே போவதற்கு ஒரு பெயர், வெளியே வருவதற்கு ஒரு பெயர் என்று வைத்தார். பின்னால் இரண்டும் சேர்ந்து ஒரே பெயராயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'சவ்வூடு பரவல்' என்று படிக்கிறார்களே, அதுதான்.

போகிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு பலத்தோடு போகிறது? இதை அளந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அளந்தவர் எடுத்த சாமான் ஒரு மண்கலயம். பெஃப்பர் என்ற ஜெர்மானியர், மருந்துக்கடைக்காரர் மகன். நம் வீட்டு மண்பானை கசிகிறதல்லவா, அதுபோல மெருகு பூசாத சின்னக் கலயம். கலயத்தின் சுவரில் உள்ள நுண்ணிய துளைகளுக்குள்ளே ஒரு ரசாயனச் சவ்வை உண்டாக்கினார். அந்தச் சவ்வு செய்யும் முறையை அதற்கு முன்பே, 1867-ல், திராவ்பே என்பவர் கண்டுபிடித்திருந்தார். திராவ்பே பிழைப்புக்குச் செய்தது திராட்சை ரச வியாபாரம், ஆராய்ச்சி அதற்கு இடையில்தான். பால், மோர், சாராயம், திராட்சை ரசம் என்று இந்தச் சரித்திரம் முழுக்கக் குடிக்கிற சமாசாரமாகவே வருகிறது! மோர் மட்டும் நான் சேர்த்தது.

இருக்கட்டும். அந்தச் சவ்வு தண்ணீரை விடும், சர்க்கரையை விடாது. கலயத்துக்குள் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, வாயைப் பாதரசக் குழாயோடு அடைத்து, கலயத்தைச் சுத்தத் தண்ணீரில் வைத்தார். தண்ணீர் உள்ளே போகப் போகப் பாதரசம் ஏறியது. நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை, அவ்வளவுதான். பாதரசம் ஏறக்குறைய 53.5 சென்டிமீட்டர் உயரத்தில் போய் நின்றது. பாதரசம் தண்ணீரைப் போல் பதின்மூன்றரை மடங்கு கனம். தண்ணீர்க் கணக்கில் பார்த்தால் சுமார் 24 அடி. நூற்றுக்கு ஆறு பங்கு சர்க்கரை போட்டபோது 130 அடிக்கும் மேலே. கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதற்குள் போகத் துடிக்கிற தண்ணீருக்கு 24 அடிக் கிணற்றுத் தண்ணீரைத் தாங்குகிற பலம். மோட்டார் இல்லை, எஞ்சின் இல்லை. 1877-ல் இந்தக் கணக்கைப் புத்தகமாகப் போட்டார் பெஃப்பர்.

இப்போது அந்தப் பெரியவரின் வயலுக்குப் போவோம். வேருக்குள் இருக்கிற சாற்றிலும் உப்பும் சர்க்கரையும் உண்டு. மண்ணில் இருக்கிற தண்ணீர் அதைவிட நல்ல தண்ணீராக இருக்கிற வரைக்கும், தண்ணீர் தானாக வேருக்குள் வரும். செடிக்கு அதில் செலவு கிடையாது. கடல் தண்ணீரில் நூற்றுக்கு மூன்றரை பங்கு உப்பு. அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற பலம், தண்ணீர்க் கணக்கில் 800 அடிக்கும் மேலே. அந்த நெல்லை, தன் வேரால் 800 அடி போர்வெல்லிலிருந்து உறிஞ்சு என்று சொன்னது போலத்தான். உறிஞ்ச முடியாதது மட்டுமல்ல, வேரில் இருந்த தண்ணீரும் மாவடுத் தண்ணீர் மாதிரி வெளியே போயிற்று. உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். நாற்றங்காலில் குவிந்த யூரியா செய்ததும் இதையேதான். அது சூடு அல்ல, தாகம்.

அந்த வயல்கள் பின்னால் தேறின. மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்து வடித்தார்கள். சில இடத்தில் ஜிப்சம் இட்டார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். பெரியவருக்கு இந்தக் கணக்கை ஒருநாள் உட்கார்ந்து சொன்னேன். "எண்ணூறு அடியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

உயிரணுவுக்குள் இது நடப்பதைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. வாசலில் அழகுக்கு வைக்கிறார்களே, இலை மேலே பச்சை, அடியில் ஊதா, அந்தச் செடியின் ஊதாத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட வேண்டும். அறைக்குள் நிறைந்திருந்த ஊதா நிறம் சுவரை விட்டு விலகி, சுருங்கி, நடுவில் கட்டியாக நிற்கும். நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி விரிந்து சுவரைத் தொடும். கல்லூரியில் முதன்முதல் இதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹாலந்து நாட்டு ஹியூகோ டி விரீஸ் 1880-களில் இந்தச் செடியை வைத்தே ஒவ்வொரு உப்புக்கும் எவ்வளவு இழுக்கும் பலம் என்று கணக்கெடுத்தார். பெஃப்பரின் அளவுகளைப் பற்றி அவர் தன் நண்பர் வாண்ட் ஹாஃபிடம் சொல்லப் போக, வாண்ட் ஹாஃப் அதிலிருந்து ஒரு விதியையே எழுதிவிட்டார். ரசாயனத்துக்கு முதல் நோபல் பரிசு, 1901-ல், அவருக்குத்தான் போயிற்று.

உளுந்துக்கு 2 சதம் டி.ஏ.பி. கரைசல் தெளிக்கச் சொல்கிறோம். 'ரெண்டுக்கு நாலாத் தெளிச்சா இன்னும் நல்லாக் காய்க்குமே' என்று கேட்பவர்கள் உண்டு. டி விரீஸின் ஊதா இலையை நினைத்துக்கொள்ளுங்கள். கரைசல் கெட்டியானால் இலைக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே வரும், இலை ஓரம் கருகும்.

இதுவரை சொன்னது தண்ணீரின் போக்கு. இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் எண்ணினார்கள். முடியவில்லை. தண்ணீர் தானாகப் போகிறது, சரி. சத்து எப்படிப் போகிறது? தழைச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் உப்புகள்தான். அறையைச் சுற்றி இருக்கிற சவ்வு எண்ணெய் போன்ற பொருளால் ஆனது என்று 1890-களில் ஓவர்ட்டன் என்ற ஆங்கிலேயர், ஜூரிச் நகரத்தில் இருந்தபடி, நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்துச் சொன்னார். எண்ணெயில் கரைவது சுளுவாக நுழைகிறது, உப்பு நுழைவதில்லை. அந்தச் சவ்வு ரொம்ப மெல்லியது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு லட்சம் சவ்வுக்கு மேல் அடுக்கலாம். அவ்வளவு மெல்லிசுதான், ஆனால் எண்ணெய்ப் படலம். உப்பை உள்ளே விடாது. அப்புறம் பயிர் எப்படி உரம் தின்கிறது?

இதற்கு வழி திறந்தது ஒரு பொட்டாஷ் பஞ்சம். 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டதும் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பொட்டாஷ் நின்றுவிட்டது. (நமக்கு வேண்டிய பொட்டாஷும் பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது, அந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்.) கலிபோர்னியாக் கடலில் தென்னைமரத்தைவிட நீளமாக வளர்கிற ராட்சதக் கடற்பாசி உண்டு. அதிலிருந்து பொட்டாஷ் எடுக்க முடியுமா என்று பார்க்கப் போனவர்களில் ஒருவர் ஹோக்லாண்டு. பாசிக்குள் இருந்த பொட்டாஷ், சுற்றியுள்ள கடல் தண்ணீரில் இருப்பதைப் போலப் பல மடங்கு! தண்ணீரோடு தண்ணீராக வந்தது என்றால் கடலில் இருக்கிற அளவுதானே இருக்க வேண்டும்? பள்ளத்திலிருந்து மேட்டுக்கு யாரோ சுமந்து ஏற்றியிருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்த பிறகும் ஹோக்லாண்டு அதை விடவில்லை. குளத்தில் ஒருவகைப் பாசி உண்டு. அதில் ஒரே ஒரு உயிரணு ஒரு அங்குலத்துக்கு மேல் நீளம் இருக்கும். அதைக் கிள்ளிச் சாற்றை எடுத்து அளந்தார். அங்கேயும் குளத்துத் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்புச் சத்து. வெளிச்சம் இருந்தால் ஏற்றுகிறது, இருட்டில் ஏற்றுவது மந்தப்படுகிறது. அப்புறம் 1936-ல் அவரும் பிராயர் என்பவரும் சேர்ந்து பார்லிப் பயிரின் வேரை வெட்டியெடுத்து, சத்துத் தண்ணீரில் போட்டார்கள். தண்ணீருக்குள் காற்றைக் குமிழியாக விட்டபோது வேர் பொட்டாஷை மளமளவென்று இழுத்துக்கொண்டது. காற்றில்லாமல் வைத்த வேர் அப்படி இழுக்கவில்லை. குளிரவைத்தாலும் மந்தமாகியது. வேர் மூச்சு விடுகிறது, தன்னிடம் உள்ள சர்க்கரையை எரிக்கிறது, அந்தச் சக்தியைச் செலவழித்துத்தான் சத்தை உள்ளே இழுக்கிறது. தண்ணீர் இலவசம், உரத்துக்குக் கூலி உண்டு.

இதை நான் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். ஆனாலும் வயலில் மறந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். ஐப்பசி அடைமழை நின்று நாலு நாள் ஆகியும் ஒரு மிளகாய்க் கொல்லையில் தண்ணீர் வடியவில்லை. செடி வெளுத்து, பட்டப்பகலில் தலை தொங்கி நிற்கிறது. இலை மஞ்சளைப் பார்த்தேன், தழைச்சத்துக் குறைவு என்று சட்டென்று முடிவு கட்டினேன், மேலுரமாக யூரியா போடச் சொன்னேன். கொல்லைக்குச் சொந்தக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூச்சு முட்டிக் கெடக்கறவன் வாயில சோத்தத் திணிக்கச் சொல்றீங்களே சார். மொதல்ல அவனத் தூக்கி உக்கார வைக்க வேணாமா?" என்றார். சொன்னதோடு சரி, படித்தவன் சொல்கிறான் என்று யூரியாவையும் போட்டார். பாதிக் கொல்லை போயிற்று. வாய்க்கால் வெட்டி முதலில் தண்ணீரை வடித்திருக்க வேண்டும். ஹோக்லாண்டு 1936-ல் எழுதியது அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது, சான்றிதழ் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரில் நின்றுகொண்டே செடி ஏன் தலை தொங்குகிறது என்பதற்கு முழு விளக்கம் கிடைத்தது சமீபத்தில்தான். எண்ணெய்ப் படலத்தில் தண்ணீர் மட்டும் எப்படி இவ்வளவு தாராளமாகப் புகுகிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. அமெரிக்காவில் பீட்டர் ஆக்ரி என்ற டாக்டர் ரத்த அணுவில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, வேண்டாத ஒரு புரதம் கூடவே வந்து தொந்தரவு கொடுத்தது. அதை விடாமல் பிடித்தார். 1992-ல் அந்தப் புரதத்தைத் தவளை முட்டையில் உண்டாக்கி முட்டையை நல்ல தண்ணீரில் போட்டார். சாதாரண முட்டை சும்மா கிடந்தது. இது உப்பி வெடித்தது. சவ்வில் தண்ணீருக்கென்றே மதகு இருக்கிறது! 2003-ல் அவருக்கு நோபல் பரிசு. அதே 2003-ல் பிரான்சில் மோன்பெலியே நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள்: வேருக்குக் காற்றில்லாமல் போனால் அணுவுக்குள் புளிப்பு ஏறுகிறது, அந்தப் புளிப்பில் வேரின் தண்ணீர் மதகுகள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர், மதகு அடைப்பு. மிளகாய் தலை தொங்காமல் என்ன செய்யும்? நெல் மட்டும் எப்படித் தாங்குகிறது என்று கேட்பீர்கள். நெல்லுக்குத் தண்டிலிருந்து வேர் வரை காற்றுப் பாதை உள்ளே ஓடுகிறது. அது நெல்லுக்கு வாய்த்த பாக்கியம், மிளகாய்க்கு இல்லை.

சத்தைச் சுமக்கிறவர்களையும் கண்டுபிடித்தார்கள். 1952-ல் எப்ஸ்டீன், ஹாகன் என்ற இரண்டு பேர் பார்லி வேரை வைத்துக் கணக்குப் போட்டார்கள். வெளியே சத்தைக் கூட்டக் கூட்ட வேர் இழுப்பதும் கூடுகிறது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் கூடவில்லை. பரிசல் துறையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் காத்திருந்தாலும் நூறு பேர் காத்திருந்தாலும் பரிசல்காரர் ஒரு நடைக்கு ஏற்றுவது அதே ஆள்தான். வேரின் சவ்விலும் இப்படிப் பரிசல்கள் உண்டு. உரத்தை இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துப் போடச் சொல்வதற்குத் தண்ணீரோடு அடித்துப் போகாமல் இருப்பது ஒரு காரணம் என்றால், இந்தப் பரிசல் கணக்கு இன்னொரு காரணம்.

இனிச் சொல்லப் போவது பயிரைப் பற்றி அல்ல. ஆனாலும் இதே கதைதான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது என் தங்கைக்கு, ஒரு வயசிருக்கும், வயிற்றுப்போக்கு கண்டது. 'தண்ணி கொடுத்தா இன்னும் போகும்' என்று பாட்டி ஒரு பகல் முழுக்கத் தண்ணீரே கொடுக்கவில்லை. பாட்டியைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். குழந்தை கண் உள்ளே போய், அழக்கூடச் சக்தி இல்லாமல் துவண்டுவிட்டது. அப்போது வந்த நர்ஸம்மா ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக ராத்திரி முழுக்கக் கொடுக்க வைத்தார். விடியற்காலையில் குழந்தை அழுதது. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது உப்பும் சர்க்கரையும்தான். ஏன் சர்க்கரை? வெறும் உப்புத் தண்ணீர் போதாதா? 1960-ல் பிராக் நகரத்தில் கூடிய ஒரு மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் இதற்கான திறவுகோலைச் சொன்னார். குடல் அணுவின் சவ்வில் ஒரு கதவு இருக்கிறது, அதில் சர்க்கரை தனியாக நுழைவதில்லை. உப்பைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் நுழைகிறது. இருவரும் ஜோடியாக வந்தால் கதவு திறக்கும். உப்பு உள்ளே போனால்? உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும்! காலராவில் குடல் தண்ணீரையும் உப்பையும் கொட்டுகிறது, ஆனால் இந்த ஜோடிக் கதவு மட்டும் கெட்டுப் போவதில்லை. 1968-ல் டாக்காவில் நாலின், காஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தே இதை நிரூபித்தார்கள்.

நிரூபித்தால் போதுமா? பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. காலரா என்றால் நரம்பில் ஊசி குத்திச் சலைன் ஏற்றுவதுதான் வைத்தியம். 1971 வந்தது. வங்கதேச யுத்தத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்து எல்லையில் பன்காவ் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் காலரா. தரையெல்லாம் நோயாளிகள், கால் வைக்க இடமில்லை. சலைன் பாட்டில் தீர்ந்து வந்தது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். சமையல் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து, டிரம்மில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார். தாய் பிள்ளைக்குக் கொடுத்தாள், அண்ணன் தம்பிக்குக் கொடுத்தான். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. முகாம்களில் நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவர் பார்த்த நோயாளிகளில் சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசலைச் செய்யும் முறையை அப்போது ரகசியமாக இயங்கிய வங்கதேச வானொலி ஒன்று ஒலிபரப்பியது. வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில் அது எனக்குக் கொஞ்சம் பெருமை.

1978-ல் லான்செட் என்ற லண்டன் மருத்துவப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றங்களிலேயே இது முதலிடம் பெறக்கூடும் என்று கருத்து எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். வங்கதேசத்தில் 1980-களில் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு இதைக் கையாலேயே அளக்கக் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று விரல் நுனியில் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்.

இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில், பழைய அளவைவிட உப்பும் சர்க்கரையும் குறைவு. 2002-ல் உலக சுகாதார நிறுவனம் அப்படிக் குறைத்தது. காரணம் நீங்களே சொல்லிவிடுவீர்கள். குடலுக்குள் இருக்கிற கரைசல் கெட்டியாக இருந்தால், தண்ணீர் உடம்புக்குள் போவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து குடலுக்கு வந்துவிடும்.

ஆகையால் பெரிய பாக்கெட் என்றால் முழுசாகப் பிரித்து, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாக்கெட்டின் மேல் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவுதான். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்கள். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒரு டம்ளர் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கொட்டிக் கொடுக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது நாற்றங்காலில் குவியலாக விழுந்த யூரியா.